பட்டன் இருக்கிறது, நியூட்ரல் சுவிட்ச் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புல்டோசர், ரோடு ரோலர், கிரேன் போன்றவற்றுக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் பொருத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஓரங்கட்டிப் போட்ட இயந்திரங்களுக்கு மறுவாழ்வு கொடுக்கலாம் என்று ஒருவர் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே அச்சிட்டிருந்த வயரிங் படத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பேட்டரி, ஒரு பட்டன், மோட்டாருக்குக் கரன்ட்டை இணைக்கும் ஒரு சாலினாய்டு, ஒரு மோட்டார். படம் அவ்வளவுதான். வண்டி கியரில் கிடக்கிறதா, நியூட்ரலில் நிற்கிறதா என்று கேட்க அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

நான் செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட்டரைத்தான் செல்ஃப் என்போம்), டைனமோ, ஆல்டர்நேட்டர் வேலை பார்க்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். கையால் ஹேண்டில் சுற்றியே ஓடிக்கொண்டிருந்த பழைய இஞ்சின்களுக்குச் செல்ஃப் பொருத்திக் கொடுப்பதும் என் வேலையில் சேர்த்தி. ஆகவே ஸ்டார்ட்டரே வேண்டாம் என்று சொல்லவரவில்லை, என் பிழைப்பே அதுதான். நியூட்ரல் சுவிட்ச், அதாவது வண்டி நியூட்ரலில் நின்றால் மட்டும் ஸ்டார்ட்டரை வேலை செய்யவிடும் சுவிட்ச், இல்லாமல் பழைய இயந்திரத்துக்குச் செல்ஃப் போடக்கூடாது என்பதைத்தான் சொல்லவந்தேன்.

ஹேண்டில் காலத்தை நினைத்து ஏங்குகிறவனும் இல்லை நான். இஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடி, சுற்றிப் பிடிக்காதே என்பதுதான் ஹேண்டில் போடக் கற்றுக்கொள்பவனுக்கு முதல் பாடம். இந்தத் தொல்லைக்கு 1911-இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் வழி கண்டார். அவருடைய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கெடிலாக் கார்களில் வந்தது. கெட்டரிங் அதற்கு முன்னால் கேஷ் ரெஜிஸ்டர் இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். நாள் முழுக்க ஓடவேண்டிய மோட்டார் என்றால் பெரிதாகத்தான் இருக்கவேண்டும், சில நொடிகளுக்கு மட்டும் என்றால் சின்ன மோட்டாரையே அதன் அளவுக்கு மீறி வேலை வாங்கலாம் என்பது அங்கேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இன்றைக்கும் ஸ்டார்ட்டரின் சூட்சுமம் இதுதான். முப்பது நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள், இரண்டு நிமிடமாவது ஆறவிடுங்கள் என்று நாங்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வதும் இதனால்தான். பட்டனில் கையை வைத்தால் எடுக்க மறந்துவிடுகிறவர்களின் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் பகுதி, என் மேஜைக்கு வரும்போது ஈயம் உருகித் தெறித்திருக்கும்.

கார் இஞ்சினுக்கு வந்தது கனரக டீசல் இஞ்சினுக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. டீசல் இஞ்சின் காற்றைப் பதினாறு மடங்கு, அதற்கும் மேல் இறுக்குகிறது. அந்த இறுக்கத்தில் காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகி, தெளிக்கிற டீசல் தானே பற்றிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் வழியாகக் கசிந்து, சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், இஞ்சின் எடுக்காது. பெரிய டீசல் இஞ்சினை நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது சுற்றாவது சுழற்றினால்தான் காரியம் நடக்கும். ஒரு ஆளின் கை அதற்குக் காணாது.

அதனால் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கேட்டர்பில்லர் நிறுவனம் 1931-இல் கொண்டுவந்த முதல் டீசல் டிராக்டரிலேயே பக்கத்தில் ஒரு குட்டி பெட்ரோல் இஞ்சினை வைத்தது. முதலில் குட்டியைக் கிளப்பு, அது பெரியதைச் சுழற்றும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்காரர்கள் இன்னும் விசித்திரம்: ஒரே இஞ்சின் முதலில் பெட்ரோலில் ஓடும், அதற்கென்று பிளக், மேக்னெட்டோ, கார்புரேட்டர் எல்லாம் உண்டு. கொஞ்சம் சூடானதும் லிவரைத் தள்ளினால் டீசலுக்கு மாறிவிடும். ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக் டிராக்டரில் ஸ்டியரிங்கையே தண்டோடு கழற்றி, பக்கவாட்டு ஃப்ளைவீலில் (கனத்த சுழல்சக்கரத்தில்) செருகி ஆட்டவேண்டும். அதற்கு முன் புளோலேம்பால் இஞ்சினின் தலையைப் பழுக்கக் காய்ச்சவேண்டும். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷல் டிராக்டரிலோ துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றைத் திணித்துச் சுத்தியலால் ஒரு தட்டு. படிக்க வேடிக்கையாக இருக்கும், ஆபரேட்டருக்கு வேடிக்கையாக இருந்திருக்காது.

இந்த முறைகள் ஒன்றும் பாதுகாப்பானவை அல்ல. ஹேண்டில் காலத்திலும் கியரில் கிடந்த வண்டி ஆளின் மேல் ஏறியதுண்டு. ஆனால் அப்போதெல்லாம் ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு மாதிரி. லிவரைப் பார், சிலிண்டரின் காற்று இறுக்கத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கு, எண்ணெயைப் பார், அப்புறம் கை வை. குட்டி இஞ்சின் உள்ள வண்டியில் குட்டிக்கென்று தனிக் கிளட்ச் உண்டு, அதை விட்டால்தான் பெரியது சுழலும். எங்கேயோ ஓரிடத்தில் பாரம் கையில் தெரிந்துவிடும். பட்டனுக்கு அந்த உணர்ச்சி கிடையாது. கியர் விழுந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் விரலுக்கு ஒரே அழுத்தம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியரில், ஆயிரம் சுற்றில், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போகும் ஒரு புல்டோசரை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் அந்த இஞ்சினை நூற்றைம்பது சுற்றில் சுழற்றுகிறது. அப்போது வண்டி நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் நகரும். சின்ன கியர் என்பதால் ஸ்டார்ட்டருக்கு அது பெரிய பாரமே இல்லை. இழுத்துக்கொண்டு போகும். அடுத்த நொடி இஞ்சின் எடுத்துவிட்டால் பத்து சென்டிமீட்டர் எழுபது சென்டிமீட்டர் ஆகிவிடும். டிராக்குக்கு (சங்கிலிப் பட்டைக்கு) முன்னால் தரையில் நிற்கிறவனுக்கு விலக நேரம் இருக்காது.

தரையில் யார் நிற்கப்போகிறார்கள், பட்டன் டிரைவர் சீட்டில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். என் மேஜைக்கு வரும் ஸ்டார்ட்டர்களைப் பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள். எந்த மோட்டார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது சாலினாய்டின் பின்பக்கம். தடித்த இரண்டு போல்ட், நடுவே ஒரு சின்ன டெர்மினல். நட்டின் முனைகள் கூராக, பித்தளை நிறத்தில் இருந்தால் சரி. முனை உருகி, அம்மைத் தழும்பு விழுந்ததுபோலக் கறுத்த குழிகள் இருந்தால் அந்த வண்டியை ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட் செய்கிறார்கள் என்று அர்த்தம். பட்டன் கெட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் வயர் அறுந்திருக்கும். சரி செய்யப் பொறுமை இல்லாமல் கீழே நின்றபடி இரண்டு டெர்மினலையும் ஸ்குரூடிரைவரால் இணைத்துவிடுவார்கள். 'டைரக்ட் கொடுக்கிறது' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. அப்படி டைரக்ட் கொடுக்கிறவன் நிற்கும் இடம் எது? ஸ்டார்ட்டர் இஞ்சினின் பக்கவாட்டில் இருக்கிறது. பக்கவாட்டில் டிராக், அல்லது பின்சக்கரம். வண்டி கியரில் இருந்தால் முதலில் ஏறுவது அவன்மேல்தான். டிராக்டர் ஓடும் நாடுகளில் எல்லாம் இப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நான் செல்ஃப் போடும்போது நான்கு காரியங்களில் விட்டுக்கொடுப்பதில்லை. கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் கரன்ட்டை விடும் சுவிட்ச் ஒன்று. கை கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் கிளட்ச் லிவரிலும் ஒன்று. சாலினாய்டு டெர்மினல்களை ஸ்குரூடிரைவர் எட்டாதபடி மூடும் தகரக் கவசம், அதைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். அப்புறம், ஆபரேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்.

பழைய கியர்பாக்ஸில் சுவிட்ச் வைக்க இடமே இருக்காது என்பார்கள். மேல்மூடியில், கியர் மாற்றும் ஷிஃப்டர் ராடுக்கு நேராக ஒரு துளை போட்டு, ராடில் நியூட்ரல் இடத்தில் ஒரு பள்ளம் கடைந்தால் தீர்ந்தது. அதற்கும் மனமில்லை என்றால் லிவருக்கு வெளியே தகடு வைத்து லிமிட் சுவிட்ச் போடலாம். முதல் வழிதான் நல்லது. வெளியே இருப்பதைச் சேறு அடைத்துக்கொள்ளும், போகிறவர் வருகிறவர் மிதிப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, கட்டுரையாளர் மறுபடி எழுதினால் கட்டாயம் சேர்க்கவேண்டும். பெரிய சாலினாய்டு இழுக்கும்போது பல பத்து ஆம்பியர் குடிக்கும். சின்ன நியூட்ரல் சுவிட்ச் அதைத் தாங்காது, ஆகவே நடுவில் ரிலே, அதாவது சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச், போடவேண்டும். அந்த ரிலேயின் காயிலுக்கு ஒரு பக்கம் பாசிட்டிவ், ஒரு பக்கம் எர்த், அதாவது வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸ். நியூட்ரல் சுவிட்சை எந்தப் பக்கம் போடுவது? வயர் மிச்சம் என்று பலர் எர்த் பக்கம் போடுகிறார்கள். ஆனால் அந்த வயர் பிற்பாடு எங்காவது உரசித் தோல் உரிந்து சேஸிஸைத் தொட்டால் ரிலேக்கு எர்த் கிடைத்துவிடும். கியரில் இருந்தாலும் நியூட்ரல் என்றே ரிலே நினைத்துக்கொள்ளும். பழைய இயந்திரத்தில் வயர் உரசாமல் இருக்காது, அதிர்வு அப்படி. பாசிட்டிவ் பக்கம், ஃபியூஸுக்குப் பிறகு சுவிட்சைப் போட்டால் அதே வயர் சேஸிஸைத் தொடும்போது ஃபியூஸ் போகும், வண்டி எடுக்காது. கெட்டுப்போனால் எடுக்காமல் கெடட்டும், எடுத்துக் கெடவேண்டாம்.

கட்-ஆஃப் சுவிட்ச் எதற்கு என்று ஒரு ரோலர் முதலாளி என்னிடம் கேட்டார். "மாஸ்டர், பட்டன அமுக்குனா எடுக்கணும். இத்தனை சுவிட்ச் எதுக்கு? நாளைக்கு ஒண்ணு கெட்டுச்சுன்னா வேலை நிக்குமே."

"வேலை நிக்கும் சார். அதுக்குத்தான் போடுறேன்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சாலினாய்டுக்குள் இருக்கும் செப்புத் தட்டு சில சமயம் போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். பட்டனை விட்டாலும் மோட்டார் நிற்காது. இஞ்சின் எடுத்த பிறகும் மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியன், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் மாட்டியபடியே கிடந்தால் மோட்டார் சிதறிவிடும். ஸ்டார்ட்டர் கேபிளுக்கு ஃபியூஸும் கிடையாது, அவ்வளவு ஆம்பியருக்கு யாரும் போடுவதில்லை. சேஸிஸில் உரசினால் நேராக நெருப்புதான். அந்த நேரத்தில் ஸ்பேனர் தேடிப் பேட்டரி முனையைக் கழற்றவா முடியும்? இவ்வளவையும் விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார், கொஞ்சம் முகம் சுளித்தபடி.

மற்றபடி, பொருத்துகிற வேலை பற்றிக் கட்டுரையில் சொன்னவற்றுக்கு நான் சேர்க்கவேண்டியவை சில உண்டு.

ஹேண்டிலிலேயே ஓடிய இஞ்சினின் ஃப்ளைவீலில் ரிங் கியர் இருக்காது. லேத்தில் ஓரம் கடைந்து ரிங்கைச் சூடாக்கி இறக்கவேண்டும். இருநூறு, இருநூற்றிருபது டிகிரி போதும், தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வெளிர் மஞ்சள் படர்ந்தால் சரியான சூடு. நீலம் படர்ந்துவிட்டால் பல்லின் உறுதி போயிற்று, அந்த ரிங்கைத் தூர வைத்துவிடுங்கள். சிலர் இறுக்கம் போதவில்லை என்று வெல்டிங் வைக்கிறார்கள். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். விரிசல் விட்டால் அது வெடிகுண்டுதான்.

எந்தப் பக்கம் சுழலவேண்டும் என்பதை ஹேண்டிலைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் ஸ்டார்ட்டர் ஃப்ளைவீலுக்கு முன்பக்கம் உட்காருகிறதா, பின்பக்கமா என்பதைப் பொறுத்து மோட்டாரின் சுழற்சி மாறும். பினியன் நுழையும் பக்கம்தான் ரிங் பல்லின் சரிவு இருக்கவேண்டும். பழைய ரிங்கில் ஒரு தந்திரம் உண்டு. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் நிற்கும், ஆறு சிலிண்டர் என்றால் மூன்று. பினியன் எப்போதும் அந்த இடங்களிலேயே முட்டுவதால் அங்கே மட்டும் பல் மொட்டையாகியிருக்கும். ரிங்கைக் கழற்றித் திருப்பிப் போட்டால் பின்பக்கத்துப் புதுப் பல் கிடைக்கும். சரிவை மட்டும் புதிதாகக் கிரைண்டரில் பிடித்துக்கொள்ளவேண்டும். இதற்குப் பொறுமை உள்ள ஆள் வேண்டும், பல் பல்லாக உட்கார்ந்து பிடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடும்.

கேபிள் விஷயத்தில் கட்டுரை 'தடித்த கேபிள்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. எவ்வளவு தடிமன் என்பதுதானே கேள்வி. பன்னிரண்டு வோல்ட் மோட்டார் அறுநூறு ஆம்பியர் இழுக்கிறது, போக வர கேபிள் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் என்றால் வழியிலேயே இரண்டரை வோல்ட் போய்விடும். பேட்டரி அந்தப் பாரத்தில் ஏற்கெனவே பத்து வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும், மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழரை. 70 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் போகும். புதுப் பேட்டரி, புது மோட்டார், ஆனாலும் செல்ஃப் முனகுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கேபிளைத்தான். எர்த் கேபிளைப் பெயின்ட் அடித்த, துருப்பிடித்த சேஸிஸில் மாட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. எர்த்தை ஸ்டார்ட்டர் உட்காரும் போல்ட்டிலேயே கொண்டுவந்து இறுக்குங்கள். கரன்ட் பேரிங் வழியாக வழி தேடிக்கொண்டு போகவேண்டியிருக்காது.

பத்து லிட்டர் இஞ்சின் போலப் பெரியவற்றுக்கு 24 வோல்ட்தான் நல்லது. அதே வேலைக்கு ஆம்பியர் பாதியாகும். ஆனால் 'வேகமாகச் சுற்றும்' என்று 12 வோல்ட் மோட்டாருக்கு 24 கொடுப்பது வேறு விஷயம், பினியனும் ரிங்கும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பேட்டரி காலியாகிவிடும் என்று பயந்து இரட்டைப் பேட்டரி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அறுநூறு ஆம்பியர் ஐந்து நொடி என்றால் ஒரு ஆம்பியர்-மணிக்கும் குறைவு. இருபது ஆம்பியர் தரும் ஆல்டர்நேட்டர் ஐந்து நிமிடத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த வண்டிகளின் பேட்டரியைக் கொல்வது ஸ்டார்ட்டர் இல்லை. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடப்பதும், கிளாம்ப் இல்லாமல் குலுங்குவதும்தான்.

கடைசியாக, செல்ஃப் போட்டாயிற்று என்று டீகம்ப்ரஷன் லிவரைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். முதலில் லிவரைத் தூக்கிவிட்டுச் சுழற்றினால் எண்ணெய் ஏறும், வேகம் பிடித்ததும் லிவரை விடலாம். ஸ்டார்ட்டருக்குப் பாதி பாரம் குறையும். குட்டி இஞ்சினோடு வந்த பழைய வண்டிகளுக்கும் இதே பேச்சுதான். குட்டி ஓடும்போது அதன் தண்ணீரும் புகையும் பெரிய இஞ்சினையும் சேர்த்துச் சூடேற்றின. குட்டியைத் தூக்கிவிட்டு நேரே செல்ஃப் போட்டால் அந்தச் சூட்டுக்கு வேறு வழி செய்யவேண்டும், சிலிண்டருக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்கோ தண்ணீர் ஹீட்டரோ. க்ளோ பிளக் வைத்த இஞ்சினில் சட்டென்று பற்றும் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது, உள்ளேயே வெடிக்கும். என்னைக் கேட்டால், குட்டி நல்ல நிலையில் இருந்தால் அதற்கே ஒரு சின்ன செல்ஃப் போட்டு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். பெரியதை அதன் பழைய வழியில் கிளப்பட்டும்.

தங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள்: ஃபியூஸ், பட்டன், நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ரிலே, சாலினாய்டு என்று வரிசையாக. கட்-ஆஃப் சுவிட்ச் பேட்டரிக்கு அடுத்தபடியாக. படத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர், எழுத்தைப் படிக்கிறவர்கள் குறைவு. படத்தின் அடியில் சோதிக்கும் முறையையும் நாலு வரி போடுங்கள்: டீசலை அடைத்துவிட்டு, சக்கரத்துக்கு அல்லது டிராக்குக்கு முட்டுக் கொடுத்து, ஆட்களை விலக்கி, ஆபரேட்டர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கியராகப் போட்டு, ரிவர்ஸையும் சேர்த்து, பட்டனை அமுக்கிப் பார்க்கவேண்டும். எந்தக் கியரிலாவது மோட்டார் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டால்கூட வண்டியை ஒப்படைக்கக்கூடாது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன்